சேவ் இல்லாத தீவு: 32 ரவுண்டு, ஒரே மூச்சு! தெரியுமா?

மாரியோவைத் தெரியாத 90-களின் பிள்ளை உண்டா? கான்ட்ராவுக்கு அறிமுகம் வேண்டுமா? வேண்டவே வேண்டாம்! ஆனால் அதே டிவி கேம் கேசட்டின் பட்டியலில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். தலையில் தொப்பி, இடுப்பில் இலைப் பாவாடை, கையில் கல் கோடாலி, முன்னால் தள்ளிய தொப்பை! தீவு முழுக்க மூச்சிரைக்க ஓடிக்கொண்டே இருப்பாரே ஒருவர், அவர் பெயர் என்ன? கடலூர் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும், சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும் கோடை விடுமுறை முழுக்க அவரை ஓடவிட்டவர்கள் எத்தனையோ பேர். முகம் நினைவிருக்கும், பெயர் மட்டும் வராது!

அந்த விளையாட்டின் பெயர் 'அட்வென்ச்சர் ஐலேண்ட்'. 1986-ல் ஜப்பானில் பிறந்தது. தாவுவது, ஓடுவது, எறிவது, அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒரே ஒரு வசதி அதில் இல்லை: சேவ். எத்தனை ஸ்டேஜ் தாண்டியிருந்தாலும் சுவிட்சை அணைத்த நொடியில் எல்லாம் போச்சு, மறுநாள் மறுபடியும் முதல் ரவுண்டு! மாரியோவின் நிழலில் மறைந்துபோன இந்தத் தீவுக்குள் எத்தனை ஆச்சரியங்கள் புதைந்து கிடக்கின்றன தெரியுமா? வாருங்கள், ஒவ்வொன்றாகத் தோண்டுவோம்!

1. இந்தத் தீவில் கத்தரிக்காய்தான் எமன்! தெரியுமா?

சிதம்பரம் என்றதும் நாக்கு எதைக் கேட்கும்? கொத்சு! கத்தரிக்காயை மசித்து, புளி விட்டுக் கொதிக்கவைத்து, இட்லிக்கும் சம்பா சாதத்துக்கும் தொட்டுக்கொள்ளும் அந்தச் சிதம்பரம் கொத்சு. நடராஜருக்கே சம்பா சாதத்தோடு நைவேத்தியமாகப் போகிற பெருமை உடையது.

அந்த ஊர்ப் பிள்ளை இந்த விளையாட்டில் ஒரு முட்டையை உடைக்கிறது என்று வையுங்கள். உள்ளிருந்து ஊதா நிறக் கத்தரிக்காய் ஒன்று கிளம்பி வந்து நாயகனை விடாமல் சுற்றும். அது கூடவே இருக்கும் வரை உடம்புச் சக்தி மளமளவென்று இறங்கும். பாம்பு, தவளை, வௌவால் என்று தீவில் எத்தனையோ எதிரிகள் உண்டு. அவற்றையெல்லாம் கோடாலியால் அடித்துவிட்டுப் போகலாம், கத்தரிக்காயிடம் மாட்டினால் அது தானாகப் போகும் வரை ஓட்டம்தான்!

ஜப்பானியருக்குக் கத்தரிக்காய் பிடிக்காதோ என்று நினைத்துவிடாதீர்கள். புத்தாண்டின் முதல் கனவில் ஃபூஜி மலை, பருந்து, கத்தரிக்காய் ஆகிய மூன்றில் ஒன்று வந்தால் ஆண்டு முழுக்க அதிர்ஷ்டம் என்பது அங்கே நெடுங்கால நம்பிக்கை. ஆனால் வீடியோ கேமில் மட்டும் அந்தக் காய்க்கு வேறு தலையெழுத்து. அதே 1986-ல் நின்டெண்டோ வெளியிட்ட 'கிட் இக்காரஸ்' விளையாட்டில் ஒரு மந்திரவாதி நாயகனையே கத்தரிக்காயாக மாற்றிவிடுவான்!

2. அந்தத் தொப்பிக்காரர் கற்பனை அல்ல, நிஜ மனிதர்! தெரியுமா?

மாரியோ கற்பனை, சோனிக் கற்பனை. ஆனால் இவர் ரத்தமும் சதையுமான ஆள்! தோஷியுகி தகாஹாஷி, 1959-ல் சப்போரோ நகரில் பிறந்தவர். இந்த விளையாட்டை வெளியிட்ட ஹட்சன் நிறுவனத்தில் விளம்பரப் பிரிவு ஊழியர். நாடு முழுக்கப் போட்டிகள் நடத்தி, மேடையேறிச் சிறுவர்களுக்கு விளையாடிக் காட்டுவது அவர் வேலை. அங்கேதான் ஜப்பானே வாய் பிளந்தது: ஒரே நொடியில் 16 முறை பொத்தானை அழுத்துவார்! உங்கள் கட்டைவிரலால் ஒரு நொடிக்கு எத்தனை முடிகிறது என்று இப்போதே அழுத்திப் பாருங்கள், 16 எவ்வளவு பெரிது என்று புரியும்.

'தகாஹாஷி மெய்ஜின்' என்ற பெயரில் அவர் சிறுவர்களின் நட்சத்திரமானார். 1986-ல் அவரை வைத்துத் திரைப்படமே வந்தது. 1987-ல் பொத்தான் அழுத்தும் வேகத்தை எண்ணிச் சொல்லும் ஒரு சின்னக் கருவியை ஹட்சன் விற்பனைக்கு விட்டது. ஜப்பானில் இந்த விளையாட்டின் பெயரிலேயே தகாஹாஷி இருக்கிறார். 1988-ல் அமெரிக்காவுக்குப் போனபோதுதான் நாயகன் 'மாஸ்டர் ஹிக்கின்ஸ்' ஆனார். அலுவலகத்தில் சம்பளம் வாங்கும் ஓர் ஊழியர், தன் நிறுவனத்தின் விளையாட்டிலேயே நாயகனாகிக் கடலூர் வீட்டுக் கூடம் வரை ஓடி வந்துவிட்டார்!

3. ஒரே விளையாட்டு, இரண்டு பெயர், இரண்டு நாயகர்கள்! தெரியுமா?

இதே தீவு, இதே கோடாலி, இதே பழங்கள். ஆனால் நாயகன் மட்டும் ஒரு பொன்னிறத் தலைச் சிறுவன். அப்படி ஒரு விளையாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அது 'வொண்டர் பாய்'. ர்யூய்ச்சி நிஷிசாவா வடிவமைக்க, எஸ்கேப் என்ற சிறிய நிறுவனம் உருவாக்கி, 1986-ல் காசு போட்டு ஆடும் பெட்டியாகச் சேகா வெளியிட்டது.

விஷயம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. பெயருக்கும் நாயகனுக்கும் உரிமை சேகாவிடம், விளையாட்டுக்கு உரிமை எஸ்கேப்பிடம்! ஆகவே ஹட்சன் அனுமதி வாங்கி, சிறுவனை எடுத்துவிட்டுத் தன் ஊழியர் தகாஹாஷியை அங்கே நிறுத்தி, நின்டெண்டோவின் பாமிகாம் பெட்டிக்கு அட்வென்ச்சர் ஐலேண்டாக வெளியிட்டுவிட்டது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டும் அதன்பின் வேறு வேறு திசையில் வளர்ந்து, தனித்தனி வரிசைகளாகிவிட்டன.

மூத்ததற்கும் இளையதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு: வொண்டர் பாயில் ரவுண்டுக்கு ஒன்றாக 28 பொம்மைகளையும் விடாமல் சேர்த்தால்தான் எட்டாவது பகுதிக்குக் கதவு திறக்கும். ஒன்றைத் தவறவிட்டாலும் திறக்காது!

4. இங்கே நின்றாலே உயிர் போகும்! தெரியுமா?

மாரியோவில் ஒரு மூலையில் நின்று மூச்சு வாங்கலாம், கடிகாரம் மட்டும்தான் ஓடும். இந்தத் தீவில் அந்தச் சலுகையும் இல்லை! திரையின் மேலே இருக்கும் சக்திக் கோடுகள் நிற்காமல் குறைந்துகொண்டே வரும். வாழைப்பழம், அன்னாசி என்று வழியில் தொங்குவதைப் பறித்துத் தின்றுகொண்டே ஓட வேண்டும். பசிதான் இங்கே கடிகாரம்! 1986-லேயே பசியை ஒரு விளையாட்டின் விதியாக வைத்த அந்த மூளைக்கு ஒரு சபாஷ் போடலாம். பலாவுக்குப் பேர்போன பண்ருட்டி இருக்கும் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, பழம் தின்றால்தான் உயிர் என்கிற விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

முட்டைக்குள் ஸ்கேட்போர்டு கிடைத்தால் கொண்டாட்டம். வேகம் எகிறும், ஓர் அடியையும் அது வாங்கிக்கொள்ளும். ஆனால் அதில் ஏறிவிட்டால் நிற்க முடியாது! முன்னால் குழி வந்தாலும் பாறை வந்தாலும் முடிவெடுக்க ஒரு கணம்தான். வழியில் எண் போட்ட பலகைகள் நட்டிருக்கும். இறந்தால் கடைசியாகத் தாண்டிய பலகையிலிருந்து தொடரலாம். கையிருப்பு லைஃப் அத்தனையும் தீர்ந்தால் கேம் ஓவர்.

5. ஆடி முடித்த இடத்தை நினைவில் வைக்க 5 சுவிட்சு போதும்! தெரியுமா?

8 பகுதிகள், பகுதிக்கு 4 ரவுண்டு, மொத்தம் 32. இந்த 32-ல் எது வரை வந்தீர்கள் என்று குறித்துவைக்கக் கணினிக்கு எவ்வளவு இடம் தேவை? வெறும் 5 பிட்!

வீட்டுச் சுவரில் வரிசையாக 5 சுவிட்சு இருக்கும் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் போடலாம் அல்லது அணைக்கலாம். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் 32. ஆக, அந்தச் சுவிட்சுப் பலகையே நீங்கள் எந்த ரவுண்டில் நிற்கிறீர்கள் என்பதைத் துல்லியமாகச் சேமித்துவைத்துவிடும்! ஐந்தே சுவிட்சு அளவு நினைவு இல்லாததால்தான் அத்தனை பிள்ளைகளும் தினம் தினம் முதல் ரவுண்டின் அதே நத்தையில் தொடங்கினார்கள்!

இன்னும் கேளுங்கள். பாமிகாம் பெட்டி ஆடும்போது பயன்படுத்திய தற்காலிக நினைவகம் வெறும் 2 கிலோபைட். நாயகன் நிற்கும் இடம், எதிரி, மதிப்பெண், லைஃப் எல்லாம் அதற்குள் அடக்கம். முழு விளையாட்டும், அதாவது தீவு, காடு, கடல், குகை, இசை, எதிரிகள் எல்லாம் சேர்த்து, 64 கிலோபைட்தான்! நீங்கள் இப்போது வாசிக்கும் இந்தக் கட்டுரையின் தமிழ் எழுத்துகளை யூனிகோடில் சேமித்தாலே அந்த அளவில் பாதிக்கு மேல் வந்துவிடும். நம்ப முடிகிறதா?

6. சேவ் செய்ய அப்போதே வழி இருந்தது! தெரியுமா?

1986-ல் தொழில்நுட்பமே இல்லை என்று நினைக்கிறோம். இல்லை, இருந்தது! அதே ஆண்டு பிப்ரவரியில் 'லெஜண்ட் ஆஃப் செல்டா' ஜப்பானில் காந்தத் தட்டில் வந்து, ஆடிய இடத்தைத் தட்டிலேயே எழுதிவைத்தது. 1987-ல் அமெரிக்காவுக்குப் போனபோது கேசட்டுக்குள்ளேயே ஒரு சின்ன பேட்டரியை வைத்து அனுப்பினார்கள். 1986 மே மாதம் வந்த 'டிராகன் குவெஸ்ட்' 20 எழுத்துக் கடவுச்சொல்லைத் திரையில் காட்டும். தாளில் எழுதிவைத்து மறுநாள் அடித்தால் விட்ட இடத்தில் தொடரலாம்.

பிறகு ஏன் இந்தத் தீவில் இல்லை? முதல் காரணம் செலவு. பேட்டரி, கூடுதல் நினைவகச் சில்லு, அதற்கான சுற்று என்று ஒவ்வொன்றும் கேசட்டின் விலையை ஏற்றும். இரண்டாவது காரணம் பரம்பரை. இது காசு போட்டு ஆடும் பெட்டியிலிருந்து வந்த விளையாட்டு. அங்கே தோற்றால் அடுத்த காசு, முதலிலிருந்து ஆட்டம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கடைத்தெருக் குணம் போகவில்லை.

7. சேவ் இல்லாததுதான் இதன் தீர்க்காயுள்! தெரியுமா?

மூக்கின் மேல் விரலை வைக்கப்போகிறீர்கள்! பேட்டரி வைத்துச் சேவ் செய்த அந்தக் காலத்துக் கேசட்டுகளின் இன்றைய நிலை என்ன? பேட்டரிக்கு ஆயுள் உண்டு. அது தீர்ந்ததும் உள்ளே சேமித்துவைத்த ஆட்டங்கள் மொத்தமாக அழிந்துவிடும். இருபது, முப்பது ஆண்டுக்கு முன் கண்விழித்துச் சேர்த்ததெல்லாம் காற்றோடு போய்விடும். பேட்டரியைக் கழற்றிப் புதிதாகப் பற்றவைத்தால்தான் அந்தக் கேசட்டு மறுபடி சேமிக்கும்.

ஆனால் அட்வென்ச்சர் ஐலேண்ட்? அதில் தீர்ந்துபோக எதுவுமே இல்லை! விளையாட்டு முழுவதும் தொழிற்சாலையிலேயே சில்லில் பதிக்கப்பட்டது. மின்சாரம் இல்லாமலும் அழியாது. பரணில் எத்தனை ஆண்டு கிடந்தாலும், சில்லும் முனைகளும் நன்றாக இருந்தால், இன்றும் 1986-ல் எழுந்த அதே முதல் ரவுண்டு அப்படியே எழுந்து நிற்கும். எதையும் நினைவில் வைக்காத விளையாட்டுக்கு மறப்பதற்கும் ஒன்றுமில்லை!

8. முதல் ரவுண்டிலேயே ஒரு தேனீ ஒளிந்திருக்கிறது! தெரியுமா?

இதைப் படித்துவிட்டுப் பலர் தலையில் அடித்துக்கொள்ளப்போகிறீர்கள். சேவ் இல்லை, சரி. ஆனால் கேம் ஓவர் ஆன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர ஒரு ரகசிய வழி உண்டு! முதல் பகுதியின் முதல் ரவுண்டு முடியும் இடத்துக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத முட்டை ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை வெளிக்கொணர்ந்தால் உள்ளே ஒரு தேனீ. அது ஹட்சன் நிறுவனத்தின் சின்னம். அதைப் பிடித்துவிட்டால், எல்லா லைஃபும் தீர்ந்த பிறகும் திசைப் பொத்தானை அழுத்தியபடியே ஸ்டார்ட் அழுத்தித் தொடரலாம். மின்சாரம் போகாத வரைக்கும்!

நம் வீடுகளுக்கு வந்த பல விளையாட்டுக் கேசட்டுகளோடு கையேடு எதுவும் வரவில்லை. ஆகவே தேனீயின் கதையும் கூட வரவில்லை. மாரியோவிலும் இதே கதைதான். கேம் ஓவர் ஆனதும் 'ஏ' பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்தினால் இறந்த உலகத்தின் தொடக்கத்திலிருந்து ஆடலாம். எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?

9. கேசட் பட்டியலே ஒரு சேவ் வசதியாக இருந்தது! தெரியுமா?

சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் இந்தியச் சந்தைக்கு வந்த டிவி கேம் பெட்டிகள் பாமிகாம் வழியில் வந்தவை. 60 முனை உள்ள கேசட்டுதான் அவற்றில் நுழையும். அமெரிக்காவில் விற்ற நின்டெண்டோ கேசட்டுக்கு 72 முனை, அதனால் அது இங்கே பொருந்தாது.

அந்த மஞ்சள், சிவப்புக் கேசட்டுகளின் மேல் என்ன அச்சடித்திருக்கும்? '9999999 இன் 1'! உள்ளே உண்மையில் இருப்பவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. மீதியெல்லாம் அதே விளையாட்டுகள், வேறு பெயரில். ஆனால் அங்கேதான் ஒரு புதையல்! பட்டியலில் கீழே வரும் அதே விளையாட்டு சில சமயம் வேறு ஸ்டேஜிலிருந்து தொடங்கும், இல்லாவிட்டால் கூடுதல் லைஃபோடு தொடங்கும். அனுமதியில்லாமல் கேசட் செய்தவர்கள் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டச் செய்த வேலை, பிள்ளைகளுக்கு நேராக மேல் ஸ்டேஜுக்குப் போகும் குறுக்குவழியாகிவிட்டது. எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தால் எந்த ஸ்டேஜ் என்பது தெருவுக்குத் தெரு வாய்வழியாகவே பரவியது!

10. மின்சாரம் விளையும் மாவட்டத்திலேயே இருட்டு! தெரியுமா?

சேவ் இல்லாத விளையாட்டுக்குப் பெரிய எதிரி தீவின் கடைசியில் காத்திருக்கும் மாந்திரீகன் அல்ல, பவர்கட்! 2 கிலோபைட் நினைவகம் மின்சாரம் நிற்கிற நொடியே வெறுமையாகிவிடும். ஏழாவது பகுதியில் நின்றாலும் சரி, எட்டாவது பகுதியின் கடைசி எதிரியை அடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

இதில் வியப்பு என்னவென்றால், கடலூர் மாவட்டம்தான் தென்னிந்தியாவுக்கே மின்சாரம் அனுப்பும் நெய்வேலியின் மாவட்டம்! 1956-ல் நிறுவனம் தொடங்கி, 1962-லிருந்து பழுப்பு நிலக்கரியை எரித்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். பக்கத்து மாநிலங்களுக்கும் போகிறது. ஆனால் உற்பத்தி பக்கத்தில் நடப்பதாலேயே வீட்டு விளக்கு அணையாமல் இருந்துவிடாது. கம்பி, கம்பம், துணைமின் நிலையம் என்று நடுவில் எத்தனையோ உண்டு. 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது மாவட்டம் முழுக்க மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில், சில ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

11. கேசட்டை ஊதினால் சரியாகும் என்பது பொய்! தெரியுமா?

படம் வராவிட்டால் என்ன செய்வோம்? கேசட்டை எடுத்து 'உஃப்' என்று ஊதி மறுபடி சொருகுவோம். படம் வந்துவிடும். ஊதியதால்தான் வந்தது என்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் நம்பினார்கள்! உண்மையில் வேலை செய்தது ஊதல் அல்ல. எடுத்து மறுபடி சொருகியபோது முனைகள் உரசிச் சரியாகப் பொருந்தின, அவ்வளவுதான். ஊதும்போது போகும் ஈரமோ, செம்பு முனைகளை மெல்ல மெல்ல அரிக்கும். ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே அறிவுறுத்தியது.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலிருந்து உப்புக் காற்று வீசும் கடலூரில் இது இரட்டை ஆபத்து. உப்பும் ஈரமும் சேர்ந்தால் உலோக முனைகள் சீக்கிரம் கறுத்துக் களிம்பு ஏறும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, நன்றாக உலரவிட்டுச் சொருகுவதுதான் சரியான வைத்தியம்.

12. பாமிகாமின் கடைசி விளையாட்டு இந்தத் தீவுதான்! தெரியுமா?

பாமிகாம் ஜப்பானில் வந்தது 1983 ஜூலை 15. அதற்குப் பின் பதினோரு ஆண்டுகளில் வெளியான அத்தனை விளையாட்டுகளுக்கும் கடைசியில், நின்டெண்டோவின் முறையான அனுமதியோடு வந்தது எது? 1994 ஜூன் 24-ல் வெளியான அட்வென்ச்சர் ஐலேண்டின் நான்காம் பாகம்! மாரியோ அல்ல, செல்டா அல்ல, நம் தொப்பிக்காரர்தான் அந்தப் பெட்டிக்கு விடைகொடுத்தவர். அங்கே பாமிகாமின் காலம் முடிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் ஊர் வீடுகளில் அதன் வழிவந்த பெட்டிகளுக்கு அப்போதுதான் பொற்காலம்!

13. 1989-ன் கடவுச்சொல் 2017-லும் கதவைத் திறந்தது! தெரியுமா?

சேமிப்பு என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்! வொண்டர் பாய் வரிசையில் 1989-ல் 'டிராகன்ஸ் ட்ராப்' என்ற விளையாட்டு வந்தது. அதில் கடவுச்சொல் முறை உண்டு. 28 ஆண்டுகள் கழித்து, 2017-ல் லிசார்ட்கியூப் என்ற பிரெஞ்சுக் குழு அதைக் கையால் வரைந்த படங்களோடு புதிதாக வெளியிட்டது. பழைய நோட்டுப் புத்தகத்தில் சிறு வயதில் எழுதிவைத்த கடவுச்சொல்லை அந்தப் புது விளையாட்டில் அடித்தால் என்ன ஆகும்? திறக்கும்! நிஜமாகவே விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பழைய ஆட்டக்காரர்களை மதிக்க இதைவிட அழகான வழி உண்டா?

14. 'ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்' என்று சொன்னதும் அவரே! தெரியுமா?

பெற்றோர்களே, இது உங்களுக்கு! வீடியோ கேம் மோகம் ஜப்பானை ஆட்டிய 80-களில், மேடையில் நின்று 'விளையாட்டு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான்' என்று சிறுவர்களிடம் சொல்லி, அதைத் தன் முழக்கமாகவே ஆக்கிக்கொண்டவர் தகாஹாஷி. விளையாட்டு விற்கும் நிறுவனத்தின் ஊழியர் கொஞ்சமாக ஆடுங்கள் என்று சொன்னது எவ்வளவு பெரிய துணிச்சல்! ஆனால் சேவ் இல்லாத 32 ரவுண்டை ஒரு மணி நேரத்தில் முடிப்பது லேசான காரியமா? முடியாதவர்கள் நாளை மறுபடி முதலிலிருந்துதான். அப்படி ஆடி ஆடித்தான் முதல் பகுதியின் ஒவ்வொரு குழியும் பாறையும் கைவிரலுக்கே மனப்பாடமானது. பெட்டி சேமிக்காததை விரல்கள் சேமித்துக்கொண்டன!

15. பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் கடையில் கிடைக்காது! தெரியுமா?

அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ கேம்களில் 87 சதவீதம் இன்று முறையாகக் காசு கொடுத்து வாங்கவே முடியாத நிலையில் இருக்கின்றன என்று 2023-ல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஆய்வு செய்து சொன்னது. அட்வென்ச்சர் ஐலேண்டின் கதையையே பாருங்கள். நின்டெண்டோவின் வீ பெட்டிக்கு இணையக் கடையில் அது மறுபடி விற்பனைக்கு வந்தது. அந்தக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. விளையாட்டை வெளியிட்ட ஹட்சன், 1973-ல் சப்போரோவில் தொடங்கிய நிறுவனம், 2012-ல் கொனாமியோடு இணைந்து தன் பெயரையே இழந்தது. பெட்டியும் போய், கடையும் போய், நிறுவனமும் போன பின் மிஞ்சியிருப்பது எது? பரணில் கிடக்கும் கேசட்டுகள்தான்!

16. சேமித்ததையும் திறந்து பார்க்க ஆள் வேண்டும் என்று சொன்ன ஊர் சிதம்பரம்! தெரியுமா?

தேவாரப் பதிகங்கள் இன்று நமக்குக் கிடைத்த கதை தெரியுமல்லவா? தில்லைக் கோயிலில் ஓர் அறையில் ஏட்டுச் சுவடிகள் பூட்டிக் கிடந்தன. நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் அந்த அறையைத் திறக்கவைத்தான். உள்ளே சுவடிகளைக் கரையான் புற்று மூடியிருந்தது. அரித்தது போக மிஞ்சியவையே நாம் இன்று பாடும் பதிகங்கள். உமாபதி சிவாச்சாரியார் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்லும் செய்தி இது. இதே மாவட்டத்துத் திருவாமூரில் பிறந்து, திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதாகப் போற்றப்படும் அப்பர் பெருமானின் பாடல்களும் அந்தச் சுவடிகளில்தான் இருந்தன.

தேவாரம் எங்கே, டிவி கேம் எங்கே, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அந்த அறை சொல்லித்தந்த பாடம் எல்லாவற்றுக்கும் பொது. பூட்டிவைத்தால் மட்டும் ஒன்று பிழைத்துவிடாது. யாராவது போய்த் திறக்க வேண்டும், எடுக்க வேண்டும், படிக்க வேண்டும். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகமும், இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரின் தேசிய வீடியோ கேம் அருங்காட்சியகமும் பழைய விளையாட்டுகளைச் சேர்த்துவைத்து, மக்களை அழைத்துக் காட்டுகின்றன. நம் ஊரில் அந்த வேலையை யார் செய்வது? 1929-லிருந்து நிற்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஒரே ஓர் அலமாரி ஒதுக்கினாலும் போதும், தமிழ்நாட்டு வீடுகளில் ஓடிய டிவி கேம்களின் வரலாறு பிழைத்துக்கொள்ளும்!

இனி உங்கள் முறை!

கடலூர், சிதம்பரம், நெய்வேலி, பண்ருட்டி, எந்த ஊராக இருந்தாலும் சரி. வீட்டுப் பரணில் அந்தப் பெட்டியும் கேசட்டுகளும் இன்னும் இருக்கின்றனவா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பாருங்கள். பழைய இரும்போடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்! முனைகளைத் துடையுங்கள். பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்த்துச் சரியான அடாப்டரைப் பொருத்துங்கள். எந்தக் கடையில், எந்த ஆண்டு, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டியோடு சேர்த்து வையுங்கள். பிறகு பிள்ளைகளை உட்காரவைத்து, முதல் ரவுண்டில் தேனீ ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுங்கள். இந்த விளையாட்டுக்குத் தன்னைத்தானே சேமித்துக்கொள்ளத் தெரியாது. அதைச் சேமிக்க வேண்டியவர்கள் நாம்தான்!